பள்ளி இயற்கணிதம் படிப்படியாக: காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கம் 9, 10ஆம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அம்மா அப்பாக்களுக்கும். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே க, ச, ம என்று வைத்திருக்கிறேன். எழுத்து மாறினாலே கணக்கு மாறிவிட்டதாக நினைத்துத் தடுமாறும் பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால் வேண்டுமென்றே இப்படிச் செய்தேன். தெரியாத எண்ணுக்கு நாம் வைக்கும் பெயர்தான் அந்த எழுத்து, எதை வைத்தாலும் விடை மாறாது. தேர்வில் கேள்வியில் கொடுத்த எழுத்தையே எழுதுங்கள்.

விடை சரியாக வந்தால் போதாதா? எதற்கு ஒவ்வொரு வரியும்?

முதலில் மதிப்பெண் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண் கேள்வி 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், அதில் 28ஆவது கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணும் அப்படியே 14க்கு 10, அதில் 42ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. ஆக மொத்தம் 100. இதில் 14 மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் வெறும் விடை போதும். மற்றதெல்லாம் படிக்குப் படி மதிப்பெண். கடைசி வரியில் ஒரு கூட்டல் தவறினாலும் மேலே சரியாக எழுதியிருந்தால் ஐந்தில் மூன்று நான்காவது கைக்கு வரும்.

ஆனால் நான் வரி வரியாக எழுதச் சொல்வதற்கு மதிப்பெண்ணை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால், ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் எளிமையாகச் சொல்வது. முதல் வரிக்கு எந்த எண்கள் பொருந்துமோ, அதே எண்கள்தான் அடுத்த வரிக்கும் பொருந்த வேண்டும். புதிதாக ஓர் எண் நுழையவும் கூடாது, இருந்தது ஒன்று காணாமல் போகவும் கூடாது. வரியைத் தாண்டித் தாண்டி எழுதினால் எந்த இடத்தில் செய்தி மாறிப்போனது என்று உங்களுக்கே தெரியாது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்கிறார்களே, ஏன் மாறுகிறது?

எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். ஐந்தொகை போடும் கணக்குப்பிள்ளை ஒரு பக்கத்துத் தொகையைத் திருத்திவிட்டு மறுபக்கத்தைச் சும்மா விட்டால் கணக்கு நேராகுமா? அதே ஒழுங்குதான் இங்கேயும். ஒரு கணக்கைப் பாருங்கள்.

3(க − 4) + 5 = 2க + 9
அடைப்பை நீக்கினால்: 3க − 12 + 5 = 2க + 9
எண்களைச் சேர்த்தால்: 3க − 7 = 2க + 9
இரு பக்கமும் 2க கழித்தால்: க − 7 = 9
இரு பக்கமும் 7 கூட்டினால்: க = 16

சரிபார்ப்போம். இடப்பக்கம் 3 × 12 + 5 = 41. வலப்பக்கம் 32 + 9 = 41. சரி.

"குறி மாறும்" என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 3க = 12 என்ற இடத்துக்கு வந்ததும் க = 12 − 3 = 9 என்று எழுதிவிடும். 3 அந்தப் பக்கம் போய்விட்டது, குறியும் மாறிவிட்டது, விதிப்படி சரிதானே என்று தோன்றும். 3க என்றால் மூன்று தடவை க. அதை ஒரு க ஆக்க வேண்டுமானால் இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்க வேண்டும். எனவே ஆறு மாதத்துக்காவது "போகும்", "வரும்" என்ற பேச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் "இரு பக்கமும் இன்னது செய்தேன்" என்று பென்சிலால் எழுதிப் பழகுங்கள். கைவந்த பிறகு பழைய குறுக்குவழியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பின்னம் வந்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

முதல் வரியிலேயே பின்னத்தை ஒழித்துவிடுங்கள். பகுதிகளின் (கோட்டுக்குக் கீழே உள்ள எண்களின்) மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.பொ.ம எதுவோ அதால் இரு பக்கத்திலும் உள்ள எல்லா உறுப்புகளையும் பெருக்க வேண்டும்.

(க + 2)/3 − (க − 1)/4 = 2

3, 4 இரண்டுக்கும் மீ.பொ.ம 12. பெருக்கினால்:

4(க + 2) − 3(க − 1) = 24
4க + 8 − 3க + 3 = 24
க + 11 = 24
க = 13

இதில் இரண்டு இடங்களில் வழக்கமாகச் சறுக்கும். ஒன்று, வலப்பக்கத்து 2ஐ 12ஆல் பெருக்க மறப்பது. அதற்குப் பகுதி இல்லையே என்று விட்டுவிடுவார்கள். இன்னொன்று, − 3(க − 1) என்பதை − 3க − 3 என்று விரிப்பது. கழித்தல் குறி அடைப்புக்கு வெளியே நின்றால் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் தொடும். அதனால் பெருக்கும் வரியில் அடைப்புக்குறியைக் கட்டாயம் போடுங்கள், அதே வரியில் விரிக்காதீர்கள். விரிப்பது அடுத்த வரியின் வேலை.

எங்கள் ஐயா வட்டிக் கணக்கை வாயாலேயே சொல்லிவிடுவார். என் மகன் மட்டும் ஏன் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. கடையிலும் வட்டித்தொழிலிலும் பழகிய பெரியவர்களின் மனக்கணக்கு நிஜமாகவே அபாரமானது. ஆனால் அவர்கள் செய்வதும் இயற்கணிதம்தான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் 50,000 ரூபாயை இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறார். ஒரு பகுதிக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இன்னொரு பகுதிக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். மாதம் மொத்தம் 600 ரூபாய் வட்டி வருகிறது. எந்த இடத்தில் எவ்வளவு?

ஐயா இப்படி யோசிப்பார்: "எல்லாத்தையும் ஒரு ரூபாய் வட்டிக்கே விட்டிருந்தா 500 வரும். வந்தது 600. நூறு ரூபாய் கூட வந்திருக்கு. நூத்துக்கு அம்பது காசு கூடுதல்ங்கிறதால, நூறு ரூபாய் கூட வரணும்னா இருநூறு நூறு வேணும். அப்ப ஒன்றரை வட்டிக்குப் போனது இருபதாயிரம்." இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகாது.

பையன் இப்படி எழுத வேண்டும். ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தது க, ஒன்றரை ரூபாய் வட்டிக்குக் கொடுத்தது ச.

க + ச = 50,000 ... (1)
க/100 + 1.5ச/100 = 600 ... (2)

(2)ஐ 100ஆல் பெருக்கினால்: க + 1.5ச = 60,000 ... (3)
(3)இலிருந்து (1)ஐக் கழித்தால்: 0.5ச = 10,000
ச = 20,000; (1)இல் பிரதியிட, க = 30,000

சரிபார்த்தால், 30,000க்கு 300 ரூபாய், 20,000க்கு 300 ரூபாய், மொத்தம் 600.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எல்லாத்தையும் ஒரு ரூபாய் வட்டிக்கே விட்டிருந்தா" என்று ஐயா நினைத்தது முதல் சமன்பாடு. "கூட வந்திருக்கு" என்றது (3)இலிருந்து (1)ஐக் கழித்த வரி. நீக்கல் முறை என்று புத்தகம் சொல்வதை அவர் மனதுக்குள்ளேயே செய்துவிட்டார். இரண்டு பங்காக இருக்கிற வரை இப்படி மனதில் ஓடும். மூன்று பங்கு, மூன்று விதமான வட்டி என்றால் ஐயாவும் தாளை எடுப்பார். பிள்ளை எழுதிப் பழகுவது அந்த இடத்துக்காகத்தான். முடிந்தால் ஒரு நாள் ஐயாவையும் பேரனையும் ஒரே கணக்கைப் போடச் சொல்லி, அவர் சொன்னதை இவன் சமன்பாடாக எழுதட்டும். நீக்கல் முறையைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று மாறிகள் வந்தால் எங்கே தொடங்குவது?

எந்த மாறியை நீக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதே மாறியை இரண்டு முறை நீக்குங்கள். முதல் ஜோடியில் ஒன்றையும் அடுத்த ஜோடியில் வேறொன்றையும் நீக்கினால், மறுபடியும் மூன்று மாறிகளோடு நடுத்தெருவில் நிற்பீர்கள்.

பலகாரக் கடைக் கணக்கு ஒன்று. தேன்குழல் பொட்டலம் க ரூபாய், சீப்புச் சீடை ச ரூபாய், மாவுருண்டை ம ரூபாய்.

க + ச + ம = 240 ... (1)
2க + ச + 3ம = 470 ... (2)
க + 3ச + 2ம = 500 ... (3)

ச-வை நீக்குவோம். (1)இலும் (2)இலும் அது ஒற்றையாக நிற்பதால் வேலை லேசு.

(2) − (1): க + 2ம = 230 ... (4)
3 × (1) − (3): 2க + ம = 220 ... (5)

இந்த இடத்தில் அவசரப்பட்டு எதையும் பெருக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். (4)ஐயும் (5)ஐயும் கூட்டினால் 3க + 3ம = 450, அதாவது க + ம = 150. இதை (4)இலிருந்து கழித்தால் ம = 80. அப்போது க = 70, (1)இலிருந்து ச = 90. மூன்றையும் (3)இல் போட்டுப் பாருங்கள்: 70 + 270 + 160 = 500.

சரிபார்க்கும்போது, கடைசியாக விடை எடுத்த சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்துப் பயனில்லை. அது எப்படியும் பொருந்தும். வேறொன்றில் போடுங்கள்.

(அ + இ)² என்பதை அ² + இ² என்று எழுதினால் என்ன தப்பு?

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வரிசைக்கு 7 கல், 7 வரிசை, மொத்தம் 49 கல். இப்போது ஏழை 3, 4 என்று பிரித்து, நீளவாக்கில் ஒரு சாக்பீஸ் கோடு, குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஒரு மூலையில் 3 × 3 = 9 கல், எதிர்மூலையில் 4 × 4 = 16 கல். கூட்டினால் 25தான். மீதி 24 கல் எங்கே? மற்ற இரண்டு மூலைகளிலும் 3 × 4 கட்டமாக, பன்னிரண்டு பன்னிரண்டாக இருக்கிறது. அதுதான் 2அஇ. (அ + இ)² = அ² + 2அஇ + இ² என்ற முற்றொருமையை நூறு முறை எழுதுவதை விட, இந்தக் கோட்டை ஒரு முறை போட்டுப் பார்த்த பிள்ளை அந்த நடு உறுப்பை மறப்பதில்லை.

காரணிப்படுத்தும்போது அந்த இரண்டு எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மட்டும் தோன்றவே மாட்டேன் என்கிறது.

தோன்றுவதற்காகக் காத்திருக்க வேண்டாம், பட்டியல் போடுங்கள்.

6க² − 7க − 20 = 0

முதல் கெழுவையும் (க²-க்கு முன்னால் நிற்கும் 6) மாறிலியையும் (க இல்லாமல் தனியாக நிற்கும் −20) பெருக்கினால் −120. நாம் தேடும் இரண்டு எண்களைப் பெருக்கினால் இந்த −120, கூட்டினால் நடுக்கெழுவான −7 வர வேண்டும். பெருக்கல் குறை எண்ணாக இருப்பதால் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். ஆகவே 120இன் காரணி ஜோடிகளில் வித்தியாசம் 7 வருவது எது என்று தேடினால் போதும். 1, 120; 2, 60; 3, 40; 4, 30; 5, 24; 6, 20; 8, 15. கடைசியில் கிடைத்துவிட்டது. கூடுதல் −7 என்பதால் பெரிய எண்ணுக்குக் கழித்தல்: −15, +8.

6க² − 15க + 8க − 20 = 0
3க(2க − 5) + 4(2க − 5) = 0
(2க − 5)(3க + 4) = 0
க = 5/2 அல்லது க = −4/3

3க(2க − 5) + 4(2க − 5) என்பது போன்ற வரியில் இரண்டு அடைப்புக்குள்ளும் ஒரே கோவை வரவில்லை என்றால் அங்கேயே நின்று குறியைப் பாருங்கள். மேலே தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

பட்டியல் முழுக்கப் போட்டும் ஜோடி கிடைக்கவில்லை என்று நேரம் வீணாவதைத் தடுக்க ஒரு சோதனை உண்டு. தன்மைகாட்டியை முதலில் கணக்கிடுங்கள்: நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழு, மாறிலி இரண்டின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழிக்க வேண்டும். இங்கே 49 + 480 = 529. அது 23இன் வர்க்கம். முழு வர்க்கமாக வந்தால் முழு எண்களில் காரணிப்படுத்த முடியும். க² − 4க − 3 = 0 என்பதற்கு 16 + 12 = 28 வருகிறது, முழு வர்க்கம் இல்லை. காரணி தேடாமல் நேரே சூத்திரத்துக்குப் போய்விடலாம். விடை 2 + √7, 2 − √7.

(க − 2)(க − 3) = 6 என்று இருந்தால் க − 2 = 6, க − 3 = 6 என்று எழுதலாமா?

கூடாது. இரண்டு எண்களின் பெருக்கல் பூச்சியம் என்றால் மட்டுமே அவற்றில் ஒன்று பூச்சியம் என்று அடித்துச் சொல்ல முடியும். பெருக்கல் 6 என்றால் எத்தனையோ வழி இருக்கிறது. விரித்து, வலப்பக்கத்தைப் பூச்சியமாக்குங்கள்: க² − 5க + 6 = 6, அதாவது க² − 5க = 0, க(க − 5) = 0. விடை 0, 5.

இரு பக்கத்திலும் க இருந்தால் அடித்துவிடலாமா?

இந்தக் கேள்வியில்தான் மேலே சொன்ன "ஒரே செய்தி" என்பது நன்றாக விளங்கும்.

க² = 5க

இரு பக்கத்தையும் க-வால் வகுத்து க = 5 என்று எழுதினால் ஒரு விடை மாயமாகிவிடும். க = 0 என்று போட்டுப் பாருங்கள், அதுவும் பொருந்துகிறது. பூச்சியத்தால் வகுக்க முடியாது. க என்பது பூச்சியமாக இருக்கலாம் என்னும்போது அதால் வகுப்பது, இருக்கிற விடையைத் தூக்கி எறிவது. 5க-வை இடப்பக்கம் சேர்த்து க(க − 5) = 0 என்று எழுதினால் இரண்டும் பத்திரமாக இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. √(க + 6) = க என்ற சமன்பாட்டை இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் க² − க − 6 = 0, க = 3 அல்லது −2. மூலச் சமன்பாட்டில் −2ஐப் போட்டால் √4 = −2 என்று வருகிறது. √4 என்பது 2, ஆகவே பொருந்தவில்லை. வர்க்கப்படுத்தும்போது கூட்டல் கழித்தல் வித்தியாசம் அழிந்துபோவதால், இல்லாத ஒரு விடை உள்ளே வந்துவிட்டது. 3 மட்டுமே தீர்வு.

விகிதமுறு கோவையிலும் இதே கதை. (க² − 9)/(க − 3) = 6 என்பதைச் சுருக்கினால் க + 3 = 6, க = 3. ஆனால் க = 3 என்றால் பகுதி பூச்சியம், அந்த மதிப்பை முதலிலேயே விலக்கியிருக்க வேண்டும். ஆகவே தீர்வு கிடையாது. பகுதியில் மாறி வந்தால், கணக்கைத் தொடுவதற்கு முன் "க ≠ 3" என்று ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும், பூச்சியம் அல்லாத எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் செய்தி மாறாது. வர்க்கப்படுத்துவது, மாறியால் பெருக்குவது, மாறியால் வகுப்பது ஆகிய மூன்றில்தான் எச்சரிக்கை வேண்டும். முதல் இரண்டும் விடையைக் கூட்டலாம், மூன்றாவது குறைக்கலாம்.

இருபடிச் சமன்பாட்டுக்கு (க² வரும் சமன்பாடு) காரணி, சூத்திரம், வர்க்கப்பூர்த்தி என்று மூன்று முறைகள் சொல்லித்தருகிறார்கள். எது நல்லது?

கேள்வியில் முறையைச் சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லை, அதைத்தான் எழுத வேண்டும். சொல்லாவிட்டால், தன்மைகாட்டி முழு வர்க்கமாக இருந்தால் காரணி, இல்லையென்றால் சூத்திரம்.

வர்க்கப்பூர்த்தி முறையைப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள். பாதிப் பின்னம், கால் பின்னம் என்று வருவதுதான் காரணம். ஆனால் சூத்திரம் பிறந்த இடமே அதுதான், அதைப் புரிந்துகொள்ளாமல் விடுவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். பின்னமே வராமல் செய்ய நம் நாட்டிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. ஸ்ரீதரர் என்ற கணித அறிஞருடையது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அவர் பெயரைச் சொல்லியே இதை எடுத்துக்காட்டுகிறார். முதல் கெழுவின் நான்கு மடங்கால் எல்லாவற்றையும் பெருக்கு, பிறகு பழைய நடுக்கெழுவின் வர்க்கத்தை இரு பக்கமும் சேர் என்பதுதான் வழி.

2க² − 7க + 3 = 0
8ஆல் பெருக்கினால்: 16க² − 56க + 24 = 0
இரு பக்கமும் 24 கழித்தால்: 16க² − 56க = −24
இரு பக்கமும் 49 கூட்டினால்: 16க² − 56க + 49 = 25
(4க − 7)² = 25
4க − 7 = 5 அல்லது 4க − 7 = −5
க = 3 அல்லது க = 1/2

வலப்பக்கத்து 25 என்ன என்று பாருங்கள். 49 − 24. நீங்கள் மனப்பாடம் செய்த தன்மைகாட்டி அதுவேதான். அது ஏன் வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதும் இந்த வரியில் தெரிந்துவிடும். தேர்வில் வர்க்கப்பூர்த்தி முறை என்று கேட்டால் பாடநூலில் உள்ள வடிவத்திலேயே எழுதுங்கள். இதை வீட்டில் புரிந்துகொள்வதற்காகப் போட்டுப் பாருங்கள்.

வாக்கியமாகக் கொடுத்த கணக்கை எப்படிச் சமன்பாடாக்குவது?

கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். எதைக் கேட்கிறார்களோ அதற்கே பெரும்பாலும் க என்று பெயர் வைக்கலாம். அப்புறம் அலகு. மணியும் நிமிடமும் கலந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

காரைக்குடியிலிருந்து மதுரை 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்து வழக்கமான வேகத்தை விட மணிக்கு 15 கி.மீ. கூடுதலாகப் போனால் 30 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்கிறது. வழக்கமான வேகம் என்ன?

வேகம் மணிக்கு க கி.மீ. ஆகும் நேரம் 90/க மணி. வேகம் கூடினால் 90/(க + 15) மணி. எது பெரியது? மெதுவாகப் போகிற நேரம்தான். அதனால்:

90/க − 90/(க + 15) = 1/2

இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வலப்பக்கத்தில் 30 என்று எழுதினால் மொத்தமும் போச்சு. வேகம் மணிக்கணக்கில் இருப்பதால் நேரமும் மணிக்கணக்கில்தான் இருக்க வேண்டும். 2க(க + 15) ஆல் பெருக்கினால்:

180(க + 15) − 180க = க(க + 15)
2700 = க² + 15க
க² + 15க − 2700 = 0
(க + 60)(க − 45) = 0
க = −60 அல்லது க = 45

வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது. எனவே மணிக்கு 45 கி.மீ. "க = −60 பொருந்தாது" என்ற வரியை எழுதாமல் விடாதீர்கள், கடைசியில் அலகையும் எழுதுங்கள். சரிபார்த்தால், 45இல் 2 மணி, 60இல் ஒன்றரை மணி, வித்தியாசம் அரை மணி.

விடை தப்பு என்று தெரிகிறது. எந்த வரியில் தப்பினேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடுவது நேர விரயம், பல சமயம் அதே தவறே திரும்பவும் வரும். கீழிருந்து மேலே போங்கள். உங்களுக்குக் கிடைத்த விடையைக் கடைசி வரியில் போடுங்கள், பிறகு அதற்கு மேல் வரியில், அதற்கும் மேல் வரியில். எந்த வரியில் பொருந்தாமல் போகிறதோ, அந்த வரிக்கும் அதற்குக் கீழ் வரிக்கும் நடுவில்தான் தவறு இருக்கிறது.

சமன்பாடு இல்லாமல் வெறும் கோவையைச் சுருக்கும் கணக்கு என்றால் க = 1 என்று வைத்து ஒவ்வொரு வரியின் மதிப்பையும் பாருங்கள். (2க − 3)² − (க − 2)(க + 5) என்பதில் க = 1 என்றால் 1 + 6 = 7. ஒரு மாணவியின் நோட்டில் அடுத்த வரி 4க² − 12க + 9 − க² + 3க − 10 என்று இருந்தது. க = 1 வைத்தால் −7 வந்தது. உடனே அவளே கண்டுபிடித்துவிட்டாள்: கழித்தல் குறி க² என்பதைத் தொட்டது, மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. சரியான விடை 3க² − 15க + 19. அதில் 3 − 15 + 19 = 7. மதிப்பு ஒத்துவந்தால் மட்டும் நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லிவிட முடியாது. ஒத்துவராவிட்டால் தப்பு நிச்சயம்.

போனில் படம் பிடித்தால் படிகளோடு விடை காட்டும் ஆப்களைப் பயன்படுத்தலாமா?

நீங்கள் போட்டு முடித்த பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தலாம். போடுவதற்கு முன் பார்த்தால் எல்லாப் படியும் தெரிந்த மாதிரியே இருக்கும், வெற்றுத்தாளில் உட்கார்ந்தால் முதல் வரியே வராது.

எனக்கு இயற்கணிதம் தெரியாது. பிள்ளைக்கு நான் எப்படி உதவ முடியும்?

தாராளமாக முடியும். நோட்டில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, "இது மேல் வரியிலிருந்து எப்படி வந்தது?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் புரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளை தடுமாறாமல் சொல்கிறதா, "சார் அப்படித்தான் போட்டார்" என்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது பதில் வந்தால் அந்த வரிக்கு ஒரு புள்ளி வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், திட்ட மட்டும் வேண்டாம்.

அடிப்படையே ஆட்டம். பத்தாம் வகுப்பு பாதி போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?

குறை எண்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல். அதன்பின் பின்னங்கள். அதன்பின் அடைப்பு நீக்குவது. இந்த மூன்றில் ஆட்டம் இருந்தால் மேலே எதைக் கட்டினாலும் நிற்காது. அடுத்து ஒரு மாறிச் சமன்பாடு, இரு மாறி, முற்றொருமைகள், காரணிப்படுத்துதல். பிறகுதான் பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடும் விகிதமுறு கோவையும். வெட்கப்படாமல் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள்.

இன்று தொடங்க ஐந்து கணக்குகள்:

5(க − 2) − 2(க + 4) = 3
3க/4 − (க − 2)/6 = 5
2க + 3ச = 19, 5க − 2ச = 19
3க² = 12க
4க² + 4க − 15 = 0

விடைகள் வரிசையாக: 7; 8; க = 5, ச = 3; 0, 4; 3/2, −5/2. வேறு விடை வந்தால் கீழ்வரியிலிருந்து மேலே போட்டுப் பாருங்கள்.